பிரேக் டீச்சரின் நெஞ்சுத் துள்ளல்

அந்த ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்களில் பாதிப் பேருக்கு மேல் அவளிடம்தான் கற்றுக்கொண்டிருப்பார்கள். பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பிரேக் டீச்சர் என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவளுடைய கால் எந்நேரமும் அதன்மேல் பட்டும் படாமலும் இருக்கும். ஆனால் மிதிப்பது அபூர்வம். ஓட்டுபவள் வெலவெலத்துப்போய் எதை மிதிப்பது என்று தெரியாமல் விழிக்கும்போதுதான் மிதிப்பாள். கார் குலுங்கி நிற்கும். அதட்டமாட்டாள், உச்சுக்கொட்டமாட்டாள். "ஒண்ணும் ஆகல. கிளட்ச்லருந்து மறுபடி ஆரம்பிங்க" என்பாள், அவ்வளவுதான். புருஷனிடமோ அண்ணனிடமோ ஒரு நாள் கற்றுக்கொண்டு அழுதுவிட்டு வந்த பெண்களுக்கு அந்த ஒற்றை வாக்கியமே பாதி லைசென்ஸ்.

வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டிய அப்பாவிடம் அவள் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவள். அந்த அப்பா ஒரு காலை வேலைக்குக் கிளம்ப நாற்காலியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டக் குனிந்தவர், நிமிரவே இல்லை. நெஞ்சுவலி என்று அதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. அவளுக்கும் போன பிறந்தநாளோடு அதே வயது ஆனது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் அந்த எண் ஒரு முள்போலக் குத்திக்கொண்டேதான் இருந்தது.

முதல் தடவை அது வந்தது ஒரு மதியம், மார்க்கெட் ரவுண்டானாவில். ஒரு கல்லூரிப் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள், நன்றாகவே ஓட்டினாள். படியிறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அது இல்லாமல் போனால் உடம்பைத் தூக்கிவாரிப் போடுமே, அப்படி ஒன்று அவளுடைய நெஞ்சுக்குள் மட்டும் நடந்தது. வரவேண்டிய துடிப்பு வரவில்லை. பிறகு வந்தது. உள்ளேயிருந்து யாரோ ஆத்திரத்தோடு கதவைத் தட்டியதுபோல ஓங்கி ஒரே ஒரு தட்டு. அதற்கப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் ஒழுங்காக ஓடியது. அவள் காரை ஓரம்கட்டச் சொன்னாள். எதற்கு என்று அந்தப் பெண் கேட்டதற்கு, ஓரம்கட்டுவதும் ஒரு பாடம்தானே என்று சமாளித்தாள்.

அன்று சாயங்காலம் இரண்டு தரம், மறுநாள் காலை பல் தேய்க்கும்போது, பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் வந்தது. வேலையில் மூழ்கியிருந்தால் வராது, அல்லது தெரியாது. நிம்மதியாகச் சாய்ந்தால் போதும், இதோ வந்துவிட்டேன் என்று வரும்.

அவள் கணவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். லென்ஸைத் தேய்த்து பிரேமுக்குள் பொருத்துவது அவர் தொழில். நாளெல்லாம் கண்ணுக்கருகில் பொடிப் பொருளைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் பெரிய பொருள் எதுவும் அவர் கண்ணில் படாது என்று அவள் கேலி செய்வதுண்டு. இந்த விஷயத்தில் அந்தக் கேலி பொய்யானது. டிவி பார்க்கும்போது அவள் கழுத்தோரம் இரண்டு விரலை வைத்துக்கொண்டிருந்ததை அவர் தொடர்ந்து கவனித்திருக்கிறார். ஒரு நாள் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். அவள் மழுப்பினாள். அவர் விடவில்லை. சொல்லி முடித்ததும் அவர் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கோபிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ எழுந்துபோய் மறுநாள் போட்டுக்கொள்ளச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குக் கசங்கின சட்டையில் போகக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

இதய டாக்டர் ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டே பேசுகிற ரகம். ஈசிஜி எடுத்தார்கள். படுக்கையில் படுத்த அந்த நேரம் பூராவும் இவளுடைய நெஞ்சு, இன்ஸ்பெக்‌ஷன் நாளில் வகுப்பறை மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காக நடந்துகொண்டது. அவளுக்கு அழுகையே வந்தது. பொய் சொல்லுகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று. டாக்டர் அப்படி நினைக்கவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். பிறகு நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, ஒரு நாள் முழுக்க இதோடு இருங்கள், துள்ளும்போதெல்லாம் இந்தப் பட்டனை அழுத்துங்கள் என்று அனுப்பினார். தொளதொள சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவள் பாடத்துக்கும் போனாள். பட்டனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் ஓய்ந்தது.

முடிவு சொல்லும் நாளில் கணவன் மறுபடி இஸ்திரிச் சட்டையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். அவள் பட்டனை அழுத்திய பல நேரங்களில் இதயம் சாதுவாகத்தான் ஓடியிருக்கிறது. தாறுமாறாகத் துள்ளிய பல நேரங்களில் அவள் பட்டனையே தொடவில்லை.

"அப்போ நின்னு நின்னுதான் ஓடுதா டாக்டர்?" என்று கேட்டாள்.

"நிக்கவே இல்லம்மா. ஒரு துடிப்பு முந்திரிக்கொட்டை மாதிரி சீக்கிரம் வந்துடுது. அது சின்னது, உங்களுக்குத் தெரியாது. அப்புறம் இதயம் கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்ததை நல்லா அழுத்தி அடிக்குது. உங்களைத் தூக்கிப்போடறது அந்த அழுத்தி அடிக்கிறதுதான். நிறையப் பேருக்கு இது இருக்கு. பாதிப் பேருக்கு இருக்கறதே தெரியாது."

அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ஷூ கயிற்றையும் சொன்னாள். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். அதற்காகத்தான் ஸ்கேனும் எடுத்தது, தசை நன்றாக இருக்கிறது, வால்வு நன்றாக இருக்கிறது, ரத்தத்திலும் குறையில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ யோசிக்காமல் ஓடி வரவேண்டும். மற்றபடி டீயைக் குறைக்கலாம், தூக்கத்தைக் கூட்டலாம். மாத்திரைகூட இப்போதைக்குத் தேவையில்லை. வண்டி ஓட்டலாம், கற்றுக்கொடுக்கலாம்.

"ஆனா ஒண்ணு. சும்மா சும்மா நாடியைப் பிடிச்சுப் பாக்காதீங்க" என்றார், அவள் விரல் மணிக்கட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே.

வெளியே வந்ததும் கணவன் மனசு லேசாகி இரண்டு ஐஸ்கிரீம் வாங்கினார். அவளும் சிரித்த முகமாகத்தான் சாப்பிட்டாள். ஆனால் கோனின் அடிப்பகுதிக்கு வரும்போது ஒன்று துள்ளியது. டாக்டர் சொன்ன அத்தனையும் அந்த இடத்திலேயே கரைந்து வழிந்துபோயிற்று.

பயப்பட ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் பயம் போய்விடுமா? போகவில்லை. அதற்குமேல் அதைச் சொல்லிப் புலம்பக்கூட வழியில்லாமல் போயிற்று. நோய் என்றாலாவது நாலு பேர் பார்க்க வருவார்கள். இது நோயும் இல்லை, நோயில்லாததும் இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது என்பார்களே, அவள் நிஜமாகவே அப்படித்தான் இருந்தாள். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்தபடியே பேப்பர் படித்தாள், போன் பேசினாள். டீயை அறவே விட்டாள். அவளுக்காகத் தானும் விட்டதாகச் சொன்ன கணவன் கடையில் குடித்துவிட்டு வருவது அவருடைய மூச்சிலேயே தெரிந்தது. பாவம் என்று கண்டுகொள்ளாமல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டு வாஷிங் மெஷினில் எந்தப் பட்டன் எதற்கு என்று பாடம் எடுத்தாள். எதற்கு இப்போது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து துணி துவைப்பது அவர் தலையில் விழுந்தது.

வெளியூரில் குடித்தனம் நடத்தும் மகள் தினமும் போன் செய்தாள். அம்மா, இன்டர்நெட்டில் கண்டதைப் படிக்காதே என்று கெஞ்சினாள், பிறகு தான் அங்கே படித்ததைச் சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு தையல்காரம்மா கார் கற்றுக்கொள்ள வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். பள்ளிக்கூடச் சீருடைகளை மொத்தமாகத் தைத்துக் கொடுக்கிற தொழில். தைத்ததை எடுத்துப்போகக் கணவன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்பார்வை ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்தது. இனி ஓட்டவே கூடாது என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேன் வீட்டுமுன்னால் தூசி படிந்து நின்றது. அவள்தான் ஓட்டியாக வேண்டும்.

அந்த அம்மாவுக்குக் கால் நன்றாக வந்தது. தையல் மெஷின் பெடலில் பழகின கால், ஆக்சிலேட்டரை அளந்து மிதித்தது. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்கத்தான் மறந்துவிடுவாள். இரண்டு வாரத்தில் தேறிவிடுவாள் என்று டீச்சர் மனதுக்குள் போட்டுவைத்திருந்தாள். திடீரென்று ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போனில் கேட்டதற்குத் தையல் வேலை குவிந்துவிட்டது என்று பதில் வந்தது. குரலில் சுரத்தே இல்லை.

காரணம் கண்ணாடிக் கடை வழியாக வந்தது. தையல்காரம்மாவின் கணவன் புதிய கண்ணாடி போட்டுப் பார்க்க வந்திருக்கிறார். பேச்சுவாக்கில் மனைவி கார் கற்பதை விட்டுவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். டீச்சருடைய கணவன்தான் எதிரில் நிற்பவர் என்று அவருக்குத் தெரியாது. கணவன் வீட்டுக்கு வந்ததும் டிபன் பாக்ஸைக்கூட வைக்காமல் நின்றபடியே சொன்னார்.

"அந்தம்மா காரைத் திருப்பும்போதெல்லாம் நீ நெஞ்சைப் பிடிச்சுக்கறியாம். கண்ணை மூடிக்கறியாம். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரே இப்படிப் பயப்படறாங்கன்னா நான் யாரையாவது கொன்னுடுவேன், வேண்டாம்னு வேன் சாவியைத் தூக்கி உள்ள வெச்சுட்டாங்களாம்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. தான் ஒருபோதும் கண்ணை மூடியதில்லை என்று சண்டைக்கு நின்றாள். கணவன் டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள், பாதியில் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மூடியிருக்கிறாள். துள்ளல் வந்ததும் அடுத்த துடிப்புக்காகக் கண்ணை மூடிக் காத்திருப்பது இப்போதெல்லாம் தன்னையறியாத பழக்கம். சாலையில், ஓடும் காரில், பக்கத்தில் ஒருத்தி உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கும்போது. அதோடு நிற்கவில்லை யோசனை. கடந்த மாதங்களில் பாதியில் நின்றுபோனவர்கள் வேறு யார் யார் என்று நினைத்துப் பார்த்தாள். இரண்டு முகம் நினைவுக்கு வந்தது. அவர்களும் இதனால்தானோ? அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் வகுப்புகள் முடிந்ததும் தையல்காரம்மாவின் வீட்டுக்கே போனாள். முன்னறை முழுக்க நீலத் துணி. வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி அந்த அம்மா ஒரு சட்டைக் கையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் ஊசிகளைத் துப்பிவிட்டு எழுந்து நாற்காலி மேலிருந்த துணிகளை அள்ளினாள்.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. நெஞ்சைப் பிடித்தது உண்மை, ஆனால் அது ஓட்டியதைப் பார்த்து அல்ல என்று ஆரம்பித்து, ரவுண்டானாவிலிருந்து டாக்டர்வரை எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். முகத்தில் நம்பிக்கை இல்லை. தன்னைத் தேற்றுவதற்காக டீச்சர் இத்தனை தூரம் நடந்துவந்து கதை கட்டுகிறாள் என்று அவள் நினைத்தது அப்பட்டமாகத் தெரிந்தது.

"நம்பலையா? இந்தாங்க, பிடிச்சுப் பாருங்க" என்று டீச்சர் கையை நீட்டினாள்.

தையல்காரம்மா தயங்கித் தயங்கி மணிக்கட்டில் விரலை வைத்தாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நாளெல்லாம் படுத்துகிற நெஞ்சு இப்போது பார்த்து நல்லபிள்ளை வேஷம் போட்டது. டிக் டிக்கென்று சீராக அடித்தது. ஒரு தடவையாவது துள்ளித் தொலையேன் என்று டீச்சர் மனதுக்குள் கெஞ்சினாள். அது வரக்கூடாது என்று வேண்டாத நேரமில்லை. வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. உள்ளறையிலிருந்து தையல்காரம்மாவின் கணவன் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு, ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து வந்த வழியே திரும்பினார்.

அப்போது வந்தது. தையல்காரம்மா சுடுபட்டதுபோல விரலை எடுத்துவிட்டாள்.

"ஐயோ டீச்சர், நின்னுபோச்சு."

"நிக்கலம்மா. ஒண்ணு முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடியே வந்துடுச்சு. அதனால அடுத்தது கொஞ்சம் தாமதம். மறுபடி பிடிச்சுப் பாருங்க, ஒழுங்கா ஓடும்."

தையல்காரம்மா மறுபடி பிடித்துப் பார்த்தாள். ஒழுங்காகத்தான் ஓடியது. ஒன்றும் ஆகாதா, நிச்சயமாக ஆகாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆகாது, எல்லாம் பார்த்தாயிற்று, தசை நன்றாக இருக்கிறது, வால்வு நன்றாக இருக்கிறது என்று டீச்சர் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதிரில் இருப்பவளின் முகம் தெளிகிறவரை சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தோன்றியது: இத்தனை மாதமாக இதை வேறு யாருக்கும் தான் எடுத்துச் சொன்னதேயில்லை. சொல்லும்போது தன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. காரில், ஒன்றும் ஆகல என்று சொல்லுவாளே, அதே குரல்.

"பயமா இல்லையா டீச்சர் உங்களுக்கு?"

"இருக்கு. உங்களுக்கு லாரி பின்னாடி வந்தா இருக்கற மாதிரி."

அதற்குத் தையல்காரம்மா சிரித்தாள். பின்னால் வரும் லாரி என்றால் அவளுக்குச் சிம்மசொப்பனம். சரி, நாளைக்கு வருகிறேன் என்றாள். ஒரு நிபந்தனை போட்டாள்: டீச்சர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமென்றால் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும்.

லேசாகச் சொல்லிவிட்டாள், செய்வது சிரமமாக இருந்தது. முதல் நாள் பாட்டில் நசுங்கியே போயிற்று. துள்ளல் வரும்போது கண்ணை மூடாமல் எதிரே தெரியும் எதையாவது, கடைப் பலகையையோ முன்னால் போகும் வண்டியின் நம்பரையோ, வாய்க்குள் படித்தாள். படித்து முடிப்பதற்குள் அது போயிருக்கும். சில நாள் போகாது, வரிசையாக நாலைந்து வரும். அப்போது மறைக்காமல், "எனக்கு இப்போ வருது, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க" என்பாள். தையல்காரம்மாவும் சரி டீச்சர் என்று தன்பாட்டுக்குக் கியரை மாற்றுவாள்.

ஒரு காலை, சிமெண்ட் கடைச் சந்திலிருந்து ஒரு வேன் பார்க்காமல் பின்பக்கமாகவே பாய்ந்து வந்தது. டீச்சர் தன் பிரேக்கை மிதிக்கப் போகும்போது கார் ஏற்கெனவே நின்றிருந்தது. தையல்காரம்மா மிதித்துவிட்டாள். வேன்காரன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். பார்த்தால் இரண்டு பேருமே நெஞ்சில் கையை வைத்திருந்தார்கள். "இப்போ பிடிச்சுக்கலாம் டீச்சர், தப்பில்ல" என்றாள் தையல்காரம்மா. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தது லாரிதான் என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

முதல் டெஸ்டில் அவள் தேறவில்லை. ரிவர்ஸில் கம்பத்தைத் தட்டிவிட்டாள். இரண்டாவதில் தேறினாள். இப்போது வேன் தூசி படிய நேரமில்லாமல் ஓடுகிறது. பக்கத்து இருக்கையில் கணவன் உட்கார்ந்து, அவளுக்குத் தெரியாத சாலைக்கு நினைவிலிருந்தே வழி சொல்லுகிறார்.

டீச்சர் இப்போது புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிடுகிறாள். கேட்டதும் ஒருத்தி வேறு ஸ்கூல் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். விஷயம் காதுக்கு எட்டிய ஸ்கூல் முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். வாங்கிக் கொடுத்தாள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மறைத்து வைத்துக்கொண்டு திரிந்த காலத்தைவிட மூச்சு விடுவது சுலபமாக இருந்தது. பாதியில் நின்ற அந்த இரண்டு பேருக்கும் போன் செய்தாள். ஒருத்திக்குக் கல்யாணமாகிப் போய்விட்டதாம், காரணம் வேறு. இன்னொருத்தி, அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்டாள்.

துள்ளல் நின்றபாடில்லை. சில வாரம் எட்டிப் பார்க்காது. சில வாரம் விருந்தாளிபோல வந்து உட்கார்ந்துகொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டுகிறாள். காலையில் ஒரே ஒரு டீ குடிக்கிறாள். கணவன் பகிரங்கமாகவே குடிக்கிறார்.

மகள் புது வீட்டுக்கு மாறியபோது அவளும் கணவனும் காரில் கிளம்பினார்கள். வழி நெடுக அவள்தான் ஓட்டினாள். டிரைவிங் டீச்சரைக் கட்டிக்கொண்டு காலமெல்லாம் குப்பைகொட்டியும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நெடுஞ்சாலையில் பாதி வழியில் வரிசையாகத் துள்ளத் தொடங்கியது. ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, ஜன்னலை இறக்கிவிட்டாள். தலைசுற்றுகிறதா, வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று அவர் டாக்டர் சொன்ன வரிசை மாறாமல் கேட்டார். எதுவும் இல்லை என்றாள். பிறகு அவர் கொஞ்சநேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னா நான் கத்துக்கட்டுமா?" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த வயதில் இந்த மனுஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச் சொல்லிக்கொடுப்பதை நினைத்ததும் அவளுக்கு நெஞ்சு நிஜமாகவே ஒரு தரம் நின்று ஓடியதுபோல இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினாள். மகள் வீடு போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. வாசலில் நின்ற மகள், ஏன் இவ்வளவு தாமதம், ஒரு போன் பண்ணக்கூடாதா, வழியில் என்ன ஆயிற்று என்று பிடித்துக்கொண்டாள். பெட்ரோல் போட்டோம் என்று சொல்லிவிட்டு அவள் டிக்கியைத் திறந்து பைகளை இறக்க ஆரம்பித்தாள்.